தண்ணீர் தெளிக்கும் பெயர்

கை மேலே நிற்கிறது. தோளுக்கு நேர் மேலே, முழங்கை மடங்கி, மணிக்கட்டு பின்னால் சாய்ந்து, ஐந்து விரலும் கூம்பி, இதோ உதறப்போகிறேன் என்கிற மாதிரி நிற்கிறது. எனக்கு அது அத்தனை நிச்சயமாகத் தெரிகிறது. ஆனால் கண்ணைத் திறந்து பார்த்தால் மேலே வட்ட விளக்குதான் இருக்கிறது, கையைக் காணோம். கை வலது பக்கம் நீட்டிய பலகையில் பச்சைத் துணிக்கு அடியில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போலக் கிடக்கிறது. "டாக்டரம்மா, என் கைய மேல தூக்கிக் கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த டாக்டர் நூருன்னிசா சிரித்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஊசி போட்டு, என் வலது கையை மட்டும் தூங்கவைத்தவர் அவர்தான். "இல்லம்மா, கீழதான் இருக்கு. மரத்துப்போறதுக்கு முன்னாடி கை கடைசியா எப்டி இருந்துச்சோ, மூளை அப்டியே நெனச்சிட்டிருக்கும். நெறைய பேருக்கு வர்றதுதான்." கடைசியாக எப்படி இருந்தது? எனக்குத் தெரியும். மருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, விரல் நுனியில் எறும்பு ஊர ஆரம்பித்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கடைசியாக ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடலாம் என்று ஆசை. பாதியில் கை விழுந்துவிட்டது. விழுந்தது உடம்பில் இருக்கிற கை. இன்னொரு கை விழவில்லை, பெயரின் பாதியிலேயே நின்றுகொண்டிருக்கிறது. இப்படி ஒன்று எனக்குள் குடியிருப்பது முப்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

ரேஷன் கார்டில் என் பெயர் குணவதி. வாயால் கூப்பிடுகிறவர்கள் அப்படிக் கூப்பிடட்டும். என் நிஜப் பெயர் கையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தயாளனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தையல்காரர். எங்கள் அப்பாவின் இஸ்திரி வண்டி நின்ற தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு தையல் கடையில் வேலை. தைத்த துணிகளைத் தேய்க்கக் கொண்டுவருவார். நான் சொம்புத் தண்ணீரில் கைவிட்டு எடுத்து, விரலைக் கூம்பி, மணிக்கட்டைப் பின்னால் சாய்த்து, முன்னால் ஒரு உதறு உதறித் துணியில் தெளித்துக்கொண்டிருப்பேன். அந்த உதறலைத்தான் அவர் எனக்குப் பெயராக வைத்தார். காது கேட்காதவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நமக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது, அவர்களில் ஒருவர் நம்மைப் பார்த்து வைக்கவேண்டும், வைத்துவிட்டால் அவ்வளவுதான், அவர்கள் கூட்டம் முழுக்க அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் கூடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், எல்லாருக்கும் எதிரில் நிறுத்தி, அந்த உதறலைக் காட்டினார். நாற்பது பேர் ஒன்றாகக் கையைத் தூக்கி என்மேல் தண்ணீர் தெளித்தார்கள். ஒரு சத்தம் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் பாஷையைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு தனிக் கதை. அதில் நீ, நீங்கள் எல்லாம் கிடையாது, விரலை நீட்டினால் நீ, முடிந்தது. "கட்டனவன வெரல நீட்டிப் பேசுறா பாரு" என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆசையாகத் தயாளன் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார், பேசிக்கொண்டிருக்கிறேன் இல்லையா என்று முறைத்தார். அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவதற்குச் சமம். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், சொல்லக் கூசுகிற வார்த்தையெல்லாம் சொல்லியிருக்கிறோம், ஆனால் அதற்கப்புறம் ஒருவர் கையை ஒருவர் பிடித்ததில்லை. பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. இப்போது டாக்டரம்மா ஊசியால் பிடித்துவிட்டார்.

மேல்கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கிறார்கள், ரத்தம் கீழே வராமல் இருக்க. என் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் திரை தொங்குகிறது. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஜெயசீலன். அவரை முதலில் பார்த்தபோது இவரா கை வைத்தியத்தில் பெரிய ஆள் என்றிருந்தது, ஒல்லியாக, சட்டையில் ஒரு பித்தான் வேறு பித்தானாக இருந்தது. தயாளன் அந்தப் பித்தானைத்தான் முதலில் பார்த்தார், எனக்கும் காட்டினார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரு தாளில் படம் போட்டார். மணிக்கட்டு என்று நாம் ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடுகிற இடத்தில் எட்டு எலும்பு இருக்கிறதாம். எட்டு! இரண்டு வரிசையாக, தெருவில் கூழாங்கல் பதித்த மாதிரி. ஒன்று நகர்ந்தால் பக்கத்தில் இருப்பது ஒதுங்கி வழிவிடும், அது ஒதுங்கினால் அடுத்தது சாயும், அப்படிச் சாய்ந்து சாய்ந்துதான் நாம் ஒரு கை உதறுகிறோம். நான் ஒரு நாளைக்கு எத்தனை தரம் உதறியிருப்பேன், எத்தனை வார்த்தை பேசியிருப்பேன், உள்ளே எட்டுப் பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள், எனக்கு அவர்கள் இருக்கிற விஷயமே தெரியாது. அதில் கட்டைவிரல் பக்கம் முந்திரிப்பருப்பு மாதிரி ஒன்று. அது என்றைக்கோ ஒடிந்து, சேராமலே இருந்து, மற்ற எலும்புகளைக் கோணவைத்து, உரசவைத்து, தேயவைத்து விட்டது. அதனால்தான் சோற்றுப் பானையைத் தூக்கினால் உயிர் போகிறது, 'வா' என்று சொன்னால் கண்ணில் தண்ணீர் வருகிறது. "அந்த ஒண்ண எடுத்துடுவோம்" என்றார் டாக்டர். "மிச்சத்துல நாலு எலும்ப ஒண்ணா சேத்து ஒட்டிடுவோம். வலி போயிடும். கை பாதி மடங்கும். பழையபடி முழுசா மடங்காது." பாதி. நான் அதைத் தயாளனுக்குக் கையால் சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்போதுதான் டாக்டர் பேனாவால் அந்தப் படத்தில் ஒரு இடத்தைச் சுற்றினார். முன்கை எலும்பும் நடு எலும்பும் சேருகிற இடம். அந்தப் பாதி மடங்குவது அங்கேதான். அங்கே எலும்பின் முகத்தில் வழவழப்பு இருந்தால் சரி. அதுவும் தேய்ந்துபோயிருந்தால் பாதியும் கிடையாது, நீளத் தகடு வைத்து மணிக்கட்டையே பூட்டிவிட வேண்டும். "எது செய்யப்போறோம்னு இப்ப சொல்ல முடியாதும்மா. தொறந்து பாத்தாத்தான் தெரியும்." இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

திறந்து பார்த்தால்தான் தெரியும். அந்தத் திறப்பு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு வலி இல்லை, யாரோ தூரத்தில் என் பக்கத்து வீட்டுக் கதவை நகர்த்துகிற மாதிரி ஓர் அசைவு மட்டும் தோளில் வந்து முட்டுகிறது. பூட்டிவிட்டால் எப்படி இருக்கும் என்று நான் வீட்டில் பார்த்துவிட்டேன். ஒரு மரக்கரண்டியை முன்கையோடு உள்ளங்கை வரைக்கும் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவர் எதிரில் நின்று பேசிப் பார்த்தேன். 'சாப்பாடு' வந்தது, 'தூக்கம்' வந்தது. 'வா' வரவில்லை. 'கடல்' வரவில்லை, அது வெறும் பலகையாக நின்றது. 'நம்புகிறேன்' வரவே இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு நெஞ்சில் கை வைத்து, அங்கிருந்து மணிக்கட்டை மடக்கி எதிரில் இருப்பவர் பக்கம் திறக்கவேண்டும். கரண்டி விடவில்லை. கடைசியாக என் பெயரைச் சொன்னேன். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. எப்போதும் என்னைக் கிண்டல் பண்ண ஒரு சாக்குக் கிடைக்காதா என்று அலைகிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. எழுந்துவந்து துண்டை அவிழ்த்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தார். அதிலிருந்து ஒரு வாரமாகப் பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில் தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். ஏதோ வேண்டுதலாக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருக்கிற ஆளோடு பேச முடியாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. யார் வந்து என்ன சொன்னாலும் தெரியாமல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் காது நான். காதை உள்ளே படுக்கவைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள். இந்த வார்த்தையை நினைக்கக் கூடாது என்றுதான் எட்டு எலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன், கரண்டியை நினைத்தேன், பித்தானை நினைத்தேன். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அன்றைக்கு டாக்டர் படம் போடுவதற்கு முன்னால் கேட்டார், "எப்பவாவது கீழ விழுந்தீங்களா?" விழுந்தேன் என்றேன், கல்யாணமாகி எட்டாவது மாசம், மார்கழியில், குழாயடியில் வழுக்கிக் குடத்தோடு விழுந்தேன், உள்ளங்கையை ஊன்றி. "மாவுக்கட்டு போட்டாங்களா?" போட்டார்கள். "எத்தன நாள் வெச்சிருந்தீங்க?" பன்னெண்டு நாள் சார். அவர் பேனா நின்றது. "பன்னெண்டு நாளா? மூணு மாசம் வெக்க வேண்டிய கட்டும்மா அது." தயாளன் என் முழங்கையை இடித்தார். டாக்டரின் புருவம் ஏறியதை அவர் பார்த்துவிட்டார், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. என்ன கேட்கிறார் என்று கேட்டார். நான் கூசாமல், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார் என்றேன். பதினாலு வருஷமாக ஊர் பேசுவதை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான். பால்காரர், வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மா, ரேஷன் கடைக்காரர், எல்லார் பேச்சும் என் கை வழியாகத்தான் அவருக்குப் போகும். ஒரு வார்த்தையைக் கூட்டினதில்லை, குறைத்ததில்லை. அவரைத் திட்டுகிறவர்களின் திட்டைக்கூட அப்படியே சொல்லிவிடுவேன், அது அவருக்குச் சேரவேண்டியது இல்லையா. இந்த ஒன்றை மட்டும் வழியில் நிறுத்தி ஒளித்துவிட்டேன்.

கட்டை நான்தான் அறுத்தேன். கட்டைவிரலையும் சேர்த்து முழங்கை வரைக்கும் போட்டிருந்த கட்டு. அப்போதுதான் எனக்கு அந்தப் பாஷை கையில் உட்கார ஆரம்பித்திருந்தது, திக்காமல் நாலு வாக்கியம் வர ஆரம்பித்திருந்தது, அதற்குள் வாயை அடைத்துவிட்டார்கள். இடது கையால் பேசினால் குழந்தை மழலை பேசுகிற மாதிரி எல்லாம் குழறிக்கொண்டு வந்தது. அவர் கடையிலிருந்து வந்து நாளெல்லாம் நடந்ததைச் சொல்வார், நான் தலையாட்டுவேன். பதினோராம் நாள் சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். கடையில் ஒரு பட்டு ரவிக்கைத் துணி காணாமல் போய்விட்டது. முதலாளி எல்லாருக்கும் எதிரில் அவர் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்கு என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, கொட்டின பிறகுதான் புரிந்திருக்கிறது.  நீ நம்புகிறாயா என்று கேட்டார். நான் நம்புகிறேன் என்று சொல்ல இடது கையைத் தூக்கினேன், நெஞ்சில் வைத்தேன், அதற்கப்புறம் அது எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை, தடுமாறியது, வலது கையைத் தூக்கினால் வெள்ளை உருளையாக நிற்கிறது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவர் திரும்பிக்கொண்டால் உலகமே ஊமையாகிவிடும், போய்த் தொட்டால் உதறுவார். தொட்டேன், உதறினார். மறுநாள் அவர் கடைக்குப் போனதும் கையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, அவர் வீட்டில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். அதில் ஒரு காகிதம் வெட்டக்கூட யாரையும் விடமாட்டார், முனை போய்விடுமாம். அதை வைத்து அந்த மாவுக்கட்டை நறநறவென்று அறுத்தேன். துடைத்து எண்ணெய் போட்டு இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அவர் வரும்வரை வாசலில் நின்றேன். வந்ததும் சொன்னேன். வலி உச்சந்தலைக்கு ஏறியது, பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சிலிருந்து எடுத்து, மடக்கி, அவர் பக்கம் திறந்து, நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன் என்று மூன்று தரம். அவர் முகம் அப்போது ஆனதை நான் எப்படிச் சொல்வேன். அதற்காக இன்னும் எட்டு எலும்பை உடைக்கச் சொன்னாலும் உடைத்திருப்பேன். கட்டு எங்கே என்று கேட்டார். டாக்டர் எடுத்துவிட்டார் என்றேன். ரவிக்கைத் துணி ரெண்டு நாளில் முதலாளி வீட்டிலேயே கிடைத்தது. அந்த வாரமே கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்தார். எப்போதும் தீபாவளிக்கு முன்னால்தான் கொடுப்பார், இது பொங்கலுக்கு முன்னால். நல்ல வேளை, நம் மேல் சந்தேகம் வருவதற்குள் சாணைக்குப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. அதுவரை டாக்டர் ஏதோ சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார், பக்கத்தில் நிற்கிற இன்னொரு டாக்டர் ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஒன்றும் இல்லை. "லைட்ட கொஞ்சம் இப்டி" என்றார். யாரோ விளக்கைத் திருப்பினார்கள். திருப்பியபோது விளக்கின் ஓரத்தில் இருந்த எவர்சில்வர் வளையம் என் பக்கம் சாய்ந்தது. அதில் பச்சை தெரிந்தது, பச்சைக்கு நடுவில் ஒரு சின்னச் சிவப்பு, சிவப்புக்கு நடுவில் வெள்ளை. நான் முதலில் அதை என்னவோ என்று பார்த்தேன். பிறகு தெரிந்தது. அது நான். பார்க்கக் கூடாது, கண்ணை மூடு என்று மனசு சொல்கிறது, கண் மூடவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நுங்கைச் சீவினவுடன் உள்ளே தெரியுமே ஒரு ஈர வெள்ளை, வெளிச்சம் பட்டதும் நீலமாக மினுக்குமே, அந்த வெள்ளை. இருட்டுக்குள், யாரும் பார்க்காத இடத்தில், அப்படி ஒரு மினுமினுப்பை வைத்துக்கொண்டா நான் கரிப்பெட்டியைத் தூக்கினேன், துவைத்தேன், சண்டை போட்டேன்? நான் அவரிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இந்த வெள்ளையின் மேல் வழுக்கிக்கொண்டுதான் வெளியே போயிருக்கிறது. முதல் 'நம்புகிறேன்' இதன் மேல்தான் போயிருக்கிறது, பக்கத்தில் ஒடிந்த எலும்பு குத்திக்கொண்டிருக்கும்போது. எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. எந்தக் கையால் கும்பிடுவது? ஒரு கை அங்கே திறந்து கிடக்கிறது, ஒரு கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. அந்த மேலே நிற்கிற கை மட்டும் சும்மா இருக்கிறது, அது பெயரின் பாதியில் நிற்கிறது. வளையத்தில் அந்த வெள்ளையின் மேல் ஒரு விரல் வந்தது, உறை போட்ட விரல், மெதுவாகத் தடவியது. இஸ்திரிப் பெட்டியின் அடி சொரசொரத்துவிட்டதா என்று நான் தினமும் காலையில் விரலால் தடவிப் பார்ப்பேன், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். டாக்டரும் அப்படித்தான் தடவுகிறார். ஒரு தரம் தடவினார். நிறுத்தினார். இன்னொரு தரம். என் காதுக்குள் மெஷின் டிக் டிக் என்பது வேகமாயிற்று. "ஏம்மா, மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றார் டாக்டரம்மா. எப்படி விடுவது? சொரசொரப்பாக இருந்தால் கரண்டி. சொரசொரப்பாக இருந்தால் கதவு தட்டுகிற பெயர். பன்னிரண்டு நாளுக்குப் பதில் பதினைந்து நாள் வைத்திருந்தால்? ஒரு மாசம் வைத்திருந்தால்? அந்த ஒரு மாசம் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரே, பரவாயில்லையா? இல்லை. பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இங்கே படுத்துக்கொண்டுகூடச் சொல்ல முடியவில்லை.

"குணவதிம்மா, முழிச்சிருக்கீங்களா?"

முழித்திருக்கிறேன் சார் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நல்லா இருக்கும்மா. பக்கத்துல எல்லாம் தேஞ்சு கெடக்கு, இந்த எடம் மட்டும் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. பாதிய விட்டுடறோம்."

நான் அழுதேன் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார், துடைத்துவிட்டது அவர்தான். எனக்கு அழுத நினைவு இல்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்த நினைவுதான் இருக்கிறது. பதின்மூன்று வருஷம் அந்த ஒடிந்த எலும்பு சுற்றி இருந்ததையெல்லாம் தேய்த்திருக்கிறது, இந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஏன் விட்டது என்று டாக்டரைக் கேட்டால் ஏதாவது காரணம் சொல்வார், அவர்கள் படித்தவர்கள். எனக்குக் காரணம் வேண்டாம், ஆச்சரியம் போதும். பிறகு அந்த முந்திரிப்பருப்பை எடுத்தார்கள். முழுசாக வரவில்லை, இரண்டு துண்டாக வந்தது, கிண்ணத்தில் டிங், டிங் என்று இரண்டு தரம் விழுந்தது. அவ்வளவு சின்னச் சத்தமா என் பாவத்துக்கு! அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். "அத வெச்சுக்கங்க, நல்ல பகுதிய நுணுக்கிக் குடுங்க" என்றார் டாக்டர். "எதுக்கு சார்?" என்று நான் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "நாலு எலும்பையும் ஒட்டணும் இல்லியாம்மா, நடுவுல பொடியா வெச்சு அடைக்கிறதுக்கு. உங்க எலும்புதான் உங்களுக்கு நல்லாப் பிடிக்கும்." நறுக் நறுக்கென்று நுணுக்குகிற சத்தம் கேட்டது. நான் ஒடித்த எலும்பு. நான் சேரவிடாமல் பண்ணின எலும்பு. தானும் சேராமல், மற்றதையும் கெடுத்தது என்று எல்லாரும் திட்டின எலும்பு. அதையே பொடியாக்கி, மிச்சம் இருக்கிறவர்களைச் சேர்க்கிற பசையாக வைக்கிறார்கள். இப்படி ஒரு நியாயம் உடம்புக்குள் இருக்கிறதா? இதை யார் முதலில் யோசித்திருப்பார்கள்? பித்தான் மாறின சட்டை போட்டுக்கொண்டு வருகிற ஆளுக்கு இது எப்படித் தெரிகிறது? திருகாணி முடுக்குகிற சத்தம், துளை போடுகிற சத்தம், பலகை முழுக்க அதிர்ந்து பல்லில் வந்து நின்றது. எக்ஸ்ரே படம் எடுத்து டிவி மாதிரி ஒரு பெட்டியில் பார்த்தார்கள், எனக்கும் காட்டினார்கள், சாம்பல் நிறத்தில் என் கை எலும்புகள், நடுவில் காசு அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு. நாலு பேரும் அதன் அடியில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மாசம் கழித்து நாலும் ஒன்றாகிவிடும் என்றார். "இந்தத் தடவ கட்ட நீங்களா அவுத்துடாதீங்க." விளையாட்டாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்? கட்டு போட்டு முடிக்கும்போது கவனித்தேன், மேலே நின்றுகொண்டிருந்த கை இல்லை. எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த அம்மாள், "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிதுங்க" என்று அவரிடம் சத்தமாகச் சொன்னார், அவர் அந்த அம்மாளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். கட்டுக்கு வெளியில் விரல் நுனி மட்டும் தெரிந்தது. எது செய்தார்கள் என்று கட்டு சொல்லாது. ஸ்ட்ரெச்சர் ஓடிக்கொண்டே இருக்க, கூடவே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டே கையைத் தூக்கினார். மணிக்கட்டைக் கட்டைபோல நேராக வைத்துக்கொண்டு, முழங்கையை மட்டும் மெல்ல இறக்கி, கடைசியில் விரல் ஐந்தையும் பூ மாதிரி விரித்தார். தண்ணீர் தெளித்தது. பூட்டின கையால், கதவு தட்டாமல், தண்ணீர் தெளித்தது. பிறகு நிறுத்தி இன்னொன்று காட்டினார். மணிக்கட்டு கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால், துணி நனைந்தும் நனையாமலும் இருக்க வேண்டும் என்று தெளிப்போமே, அந்த அளவுக்கு ஒரு சின்ன உதறல். புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். இதுவா? அதுவா? துணி காயப்போடுகிற இடத்தில் ஒரு வாரமாக நின்று அவர் செய்தது இதுதான். எது நடந்தாலும் எனக்குப் பெயர் இல்லாமல் போய்விடக் கூடாது என்று இரண்டு பெயர் செய்து வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் குளுக்கோஸ் ஊசி குத்தியிருந்த இடது கையைத் தூக்கி, இரண்டாவதைக் காட்டினேன். சின்ன உதறல். அவர் நடந்துகொண்டே என் புதுப் பெயரைச் சொன்னார், மறுபடி சொன்னார், எதிரில் வந்த ஒரு நோயாளி நமக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வார்டில் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார்கள். ஜன்னலோரக் கட்டில். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார், நான் பேசினால் தெரிகிற இடத்தில். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிச் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. மறுபடியும் மூன்று மாசம் வலது கை வாய் மூடிக்கொள்ளும், அதற்குள் மனசு ஏதாவது நியாயம் கண்டுபிடித்துவிடும். இடது கையைத் தூக்கினேன். அது அதே இடது கைதான், பதின்மூன்று வருஷமாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அன்றைக்கு. மார்கழி. கட்டு. ஒவ்வொன்றாகக் குழறிக்கொண்டு வந்தது. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார், சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பன்னிரண்டு நாள். டாக்டர் எடுக்கவில்லை. நான். அடுத்த வார்த்தைக்கு இரண்டு விரலை நீட்டவேண்டும், ஊசி இழுத்தது, விரல் பிரியவில்லை. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு தன் வலது கையைத் தூக்கி, இரண்டு விரலை நீட்டி, என் முகத்துக்கு நேராக வெட்டிக் காட்டினார். கத்தரிக்கோல். இன்னொரு தரம் வெட்டினார். பிறகு ஆள்காட்டி விரலை அந்த இரண்டு விரலின் ஓரத்தில் தேய்த்து, சாணைக் கல்லில் வைத்து உரசுகிற மாதிரி உரசி, முகத்தைச் சுளித்து, போச்சு, மழுங்கியே போச்சு என்றார். அன்றைக்கே தெரியும் என்றார். நீ நம்புகிறேன் என்று சொன்ன நாள்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ வந்தது. டாக்டரிடம் நான் சொன்னதை, உன்னிடம் ஒளித்ததை, எல்லாவற்றுக்கும் முன்னால் மன்னித்துவிடு என்பதை. கையைத் தூக்கினேன். அவர் எட்டி, ஊசி குத்தின இடத்தில் படாமல், என் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டார். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக. பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். நான் பேசாமல் படுத்திருந்தேன்.